ஞானத்தகப்பன் சொல்லவிருந்த பதில்

கஸ்பார் கோமஸுக்கு நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தானே தெறித்துவிடும் போலிருந்தது. பயமில்லை. பயம் அவருக்குப் பழக்கம், அது வயிற்றில்தான் வரும். இது நெஞ்சில் வந்தது. முதல்முறை சங்கு குளிக்கப் போனபோது வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே பச்சையாய்க் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, இதோ விழப்போகிறேன், இதோ விழப்போகிறேன் என்று இருந்தாரே, அந்தத் துள்ளல். எழுபது வயதுக்கு மேல் அது திரும்பி வரும் என்று யார் கண்டது? இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு சாமியார் அவர் முகத்தைப் பார்த்து, நாலு பேர் கேட்க, பரிசுத்த கத்தோலிக்கத் திருச்சபையை விசுவசிக்கிறாயா என்று கேட்கப்போகிறார். கஸ்பார் இல்லை என்று சொல்லப்போகிறார். அவ்வளவுதான். இருபத்தாறு வருசமாக ஒரு சாமியாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புன்னைத்துறையில் அவரைக் கண்டால் சாமியார்மார் கடலைப் பார்த்துக்கொண்டு போவார்கள், அவரும் கடலைப் பார்த்துக்கொண்டு போவார், அந்தக் கடல்தான் பாவம், இரண்டு பக்கத்து முறைப்பையும் வாங்கிக்கொண்டு கிடந்தது. கேட்டால்தானே பதில் சொல்ல முடியும். பதில் உள்ளேயே கிடந்து ஊறிப்போய்விட்டது. இப்போது பார், உலகத்தின் அடுத்த ஓரத்தில், கலிஃபோர்னியாவில், ஸ்பெயின்காரன் கட்டி வைத்துவிட்டுப் போன பழைய மிஷன் கோயில் ஒன்றில், மகள் பெற்ற பிள்ளைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் அவர். மருமகனின் அண்ணன்தான் நிற்க வேண்டியது. அவனுக்கு விசா கிடைக்கவில்லை. பழம் நழுவி இவர் மடியில் விழுந்தது.

காரில் வரும்போதே மகள் ஜெசிந்தாவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "அப்பா, ஏடாகூடமா ஒண்ணும் பேசிரப்படாது. சாமி கேட்டா ஐ டூன்னு சொல்லணும். அவ்வளவுதான்." "நான் என்னத்தப் பேசப்போறேன், எனக்கு இங்கிலீஷா தெரியும்?" என்றார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில் கிரேக்கக் கப்பல்காரனோடு மல்லுக்கு நின்ற இங்கிலீஷ் அவரிடம் உண்டு. நோ என்ற சொல் அதில் முதல் வரிசை. மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுடைய அம்மா மெற்றில்டாவின் பார்வை, நீர் சொல்லாததும் எனக்குக் கேட்கும் என்கிற பார்வை. அவர் வெளியே பார்த்தார். சாலையோரம் இரும்புக் கம்பம், கம்பத்தில் கூன் விழுந்ததுபோல் ஒரு வளைவு, வளைவில் ஒரு மணி. கொஞ்ச தூரம் போனால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரும் அடிக்கிறாற்போலத் தெரியவில்லை. "அது என்ன மாப்ள, வழி நெடுக மணி?" மருமகன் ப்ளேவியனுக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். போனில் படித்ததையெல்லாம் கொட்டினான். ஸ்பெயின் ராசா காலத்தில் சாமியார்மார் கடற்கரையோடு மேலே ஏறிப் போய் ஊருக்கு ஊர் மிஷன் கட்டினார்களாம், அந்தப் பாதைக்கு அடையாளமாம் இந்த மணிகள். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் செபம், மணி அடித்தால் கஞ்சி, மணி அடித்தால் வயல். இந்த மண்ணில் இருந்த சனங்களைச் சேர்த்து, தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் வைத்து, உள்ளே வைத்துக்கொண்டார்களாம். "உள்ளன்னா?" "உள்ளதான் மாமா. தண்ணி ஊத்தியாச்சுன்னா நினைச்சபடி வெளிய போக முடியாது. ஓடிப்போனா பட்டாளத்துக்காரன் போய்ப் பிடிச்சுட்டு வருவான். பிடிச்சுட்டு வந்தா கசையடி." "ஏங்க, பிள்ளைக்கி ஞானஸ்நானம் குடுக்கப் போறோம், இந்தப் பேச்சா இப்ப?" என்றாள் ஜெசிந்தா. ப்ளேவியன் வாயை மூடிக்கொண்டான். கஸ்பாருக்குத்தான் மூடவில்லை. உள்ளுக்குள் ஒரு ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். பார்த்தாயா, பார்த்தாயா, எனக்கு மட்டுமில்லை. அவருடைய பகையில் இத்தனை காலமும் அவர் ஒற்றை ஆள். இப்போது வழி நெடுக ஆள் சேர்ந்துவிட்டது.

முந்தின பூசை முடியவில்லை என்று தோட்டத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். ஜெசிந்தா பிள்ளைக்குப் பால் கொடுக்கக் காருக்குப் போனாள், ப்ளேவியன் ஞானத்தாயாக நிற்க வரும் தன் சிநேகிதன் மனைவிக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். கஸ்பார் ஒரு பலகையில் உட்கார்ந்தார். வெயில் இருந்தது, சூடு இல்லை. இந்த ஊர் வெயில் படத்தில் போட்ட வெயில். சுவர் சுண்ணாம்பு பூசின மண் சுவர், ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்து உள்ளே பச்சை மண் செங்கல் தெரிந்தது, வைக்கோல் துணுக்கு கூடத் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்தார். சொரசொரவென்று பசுவின் நாக்குப் போல இருந்தது. புன்னைத்துறைக் கோயிலும் இப்படித்தான், சுண்ணாம்பைச் சுரண்டினால் கடலில் வெட்டின கல், கல்லுக்குள் சிப்பித் துண்டு. அவருடைய பாட்டன்மார் தோளில் சுமந்த கல். அந்தக் கோயிலை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? நினைக்கக் கூடாது. இல்லை, நினைக்க வேண்டும், நன்றாக நினைக்க வேண்டும், அப்போதுதான் நோ என்ற சொல் தொண்டையில் வழுக்காமல் வரும். அப்போதுதான் அவளைப் பார்த்தார். அறுபது தாண்டிய பெண், அகலமான முகம், நரைத்த ஒற்றைச் சடை, முழங்கால் தரையில் ஊன்றி ஒரு மண்மேட்டைச் சுற்றிப் பெரிய பெரிய சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்பக்கம் வானவில்லை அரைத்துப் பூசினாற்போல் பளபளத்தது. அப்படிப்பட்ட சிப்பி அவர் பார்த்ததில்லை. அவருடைய கால்கள் அவரைக் கேட்காமல் எழுந்து போய்விட்டன. குனிந்து ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகுதான் கல்லறையில் இருந்து எடுக்கிறோம் என்று உறைத்து, சுட்டதுபோல் திரும்ப வைத்தார். அவள் சிரித்தாள்.

அவள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அவருக்குள் அது புன்னைத்துறைப் பேச்சாகவே விழுந்தது. பாதியைச் சொல் சொன்னது, மீதியைக் கை சொன்னது. தரையைக் காட்டி யாரு என்று கேட்டார். "எங்க சனம்," என்றாள். எத்தனை பேர் என்று கேட்டதற்கு அவள் கையை விரித்து, சுவரிலிருந்து தொடங்கி ரோஜாச் செடிகளைத் தாண்டி, ஜெசிந்தா உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த கார்கள் நிற்கும் இடம்வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தாள். மணல்வாரி அம்மையாம், கொள்ளைச் சாவாம், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டார்களாம். "பேரு வைக்கலியா?" "சாமியார் வச்ச பேரு உண்டு. தாய் வச்ச பேரு போச்சு." சட்டென்று, "உன் பேரென்ன?" என்று கேட்டாள். கஸ்பார் கோமஸ் என்றார். அவள் புருவம் ஏறியது. அவளும் கோமஸ்தான், கத்தலீனா கோமஸ். "நீ எங்கத்த ஆளு?" "இந்தியா. கடக்கரை." "நிஜ இந்தியனா? அப்ப எங்களுக்கு இந்தியன்னு பேரு வச்ச ஸ்பெயின்காரன் உன்னத்தான் தேடி வந்திருக்கான், வழி தப்பி எங்க வீட்டுக்குள்ள பூந்துட்டான்," என்று சொல்லிவிட்டு, தன் பகிடிக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எங்க வீட்டுக்கும் வந்தான் என்று சொல்ல நினைத்தார், இங்கிலீஷ் போதவில்லை. எங்களுக்கு வந்தவன் போர்த்துகீசியன், அவனும் இவனுக்குப் பங்காளிதான். எதிரியிடமிருந்து காக்கக் கப்பல் கொடு என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள், கப்பலோடு ஞானஸ்நானத் தண்ணீரும் வந்தது, கரை நெடுக ஒரே ஊற்று, அதற்குப் பிறகு வந்த சவேரியார் கை தூக்க முடியாமல் ஓய்ந்துபோகிறவரைக்கும் ஊற்றினாராம். அப்படி வந்த பேர்தான் கோமஸ். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் ஒன்றை மட்டும் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "இவ்ளோம் செஞ்சிருக்கானே, பொறவு ஏன் நீ இங்க வார?" அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஏன் வரப்படாது? இந்தச் செங்கல்லுக்கு மண்ணு மிதிச்சது எங்க பாட்டி காலு. சாமியாருக வருவாங்க, போவாங்க, மாத்தல்ல வந்தவங்க. நான் எதுக்கு வெளிய நிக்கணும்?" அப்புறம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏன் உள்ள போகாம இருக்க?" கூப்பிடட்டும் என்று இருக்கிறேன் என்றார். "ஓகோ. கூப்பிட்டாத்தான் போவியோ, புது மாப்பிள மாதிரி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எதுக்கு வெளிய நிக்கணும். அந்த வார்த்தை மீன் முள்போல் தொண்டையில் குறுக்கே விழுந்தது. விழுங்கப் பார்த்தார், போகவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும்? நீ வெளியே நின்றிருக்கிறாயா? வெளியே நிற்பதென்றால் என்னவென்று என்னைக் கேள். மெற்றில்டாவின் சவப்பெட்டி கோயில் வாசலுக்கு வெளியே மணலில் இருந்தது. வள்ளம் ஏற்றுகிற இடத்தை மறித்துக் கல்யாண மண்டபம் கட்டுவேன் என்றார் அப்போதைய பங்குச் சாமியார், ஊர்க்கூட்டத்தில் கஸ்பார் எழுந்து, இந்தக் கரை உங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டார். கேட்ட ஒரு கேள்விக்கு ஊர்விலக்கு. பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டு மன்னிப்புக் கேட்டால்தான் விலக்கு நீங்கும். கேட்க மாட்டேன் என்றார். அந்த இழுபறிக்கு நடுவில் அவள் செத்துப்போனாள். இதைத்தான் அவரால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை, சாவதற்கு அவளுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கோயில் கதவு சாத்தியிருக்கிறது. சாமியார் உள்ளே இருக்கிறார், கதவிடுக்கில் மெழுகுதிரி வெளிச்சம் தெரிகிறது, அவன் முழங்கால்படியிட்டு வரட்டும், திறக்கிறேன் என்று மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார். வெயில் ஏறுகிறது. பெட்டியில் குத்தின ஆணியில் ஒரு ஈ உட்கார்கிறது, விரட்டுகிறார், உட்கார்கிறது, விரட்டுகிறார். பதினாறு வயசு ஜெசிந்தா அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒரேயொரு தடவப்பா, அம்மைக்காகப்பா, முட்டுக்குத்துங்கப்பா" என்று... இல்லை, அது வேண்டாம், அது வேண்டாம். ஈ. அந்த ஈயை நினைத்துக்கொள்ளலாம். கல்லறைத் தோட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனார்கள், உபதேசியார் ஒருத்தர் பயந்துகொண்டே ஒரு செபம் சொன்னார், பூசை இல்லை, தீர்த்தம் இல்லை. அன்றைக்கு முதல் அவர் கோயில் வாசல் மிதிக்கவில்லை. அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், போனார், கல்யாண மண்டபத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்தது, கஸ்பார் வெளியே நின்றார். நல்ல வைராக்கியம் என்று ஊரில் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். இன்றைக்கு, இந்தப் படத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு, முதல்முறையாக ஒன்று தோன்றியது. அவர் பாட்டன் சுமந்த கல்லை அவர் யாரிடம் விட்டுவிட்டு வந்தார்? மாற்றலில் வந்தவரிடம். திருடன் வீட்டுக்குள் இருக்கிறான் என்று கோபித்துக்கொண்டு, வீட்டுக்காரன் இருபத்தாறு வருசம் தெருவில் படுத்த கதை. அட முட்டாப்பயலே. அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. சரி, அதற்காக நோ சொல்லாமல் விட்டுவிட முடியுமா? அது வேறு கணக்கு. வீட்டுக்குள் போய்த்தான் திருடனைத் திருடன் என்று சொல்ல வேண்டும்.

"அப்பா, வாங்க, சாமி வந்துட்டாரு." ஜெசிந்தா பிள்ளையை வெள்ளைச் சட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். கருவாட்டுத் துண்டுபோல அவ்வளவூண்டு முகம். பல வருசம் இல்லாமல் இருந்து, இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு வந்த பிள்ளை. மெற்றில்டா என்றுதான் பேர் வைக்கப்போகிறாள். மகளுக்குப் பிறக்கும் தலைப்பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டி பேர், அவர்கள் கரை வழக்கம் அது. ஆனால் மகள் வழக்கத்துக்காக வைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். எந்தப் பேரை அன்றைக்குக் கோயிலுக்குள் எடுத்துப்போக முடியவில்லையோ, அந்தப் பேரைக் கோயிலுக்குள் கொண்டுபோய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும் அவளுக்கு. அதற்குத்தான் இந்தப் பாடு. கஸ்பாருக்கு அடிவயிற்றில் எதுவோ புரண்டது, ஆகா, இது நெஞ்சில்லை, வயிறு. தான் நோ சொன்னால் சாமியார் என்ன செய்வார்? நிறுத்திவிடுவாரா? ஞானத்தகப்பன் சரியில்லை, தண்ணீர் ஊற்ற முடியாது, போய் வேறு ஆள் கொண்டுவா என்பாரா? அப்படியானால் மெற்றில்டா இரண்டாம் முறையும் வாசலில் நிற்பாள். இரண்டு முறையும் தன்னால். ச்சே, தன்னால் என்ன, அவர்களால். அவர்களால்தான். ஆனால் பெட்டியில் இருந்தவள் அவள்தானே. வாசற்படி உயரமாக இருந்தது, கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. எத்தனை கால் மிதித்த குழியோ, விருப்பத்தோடு மிதித்த காலும் இருக்கும், இழுத்துவரப்பட்ட காலும் இருக்கும். மிதித்துவிட்டார். வலது காலா இடது காலா என்றுகூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருச வைராக்கியம் ஒரு எட்டில் முடிந்துபோனது, இடி இடிக்கவில்லை, பிள்ளை மட்டும் ஒரு கொட்டாவி விட்டது.

உள்ளே குளிர்ந்து கிடந்தது. சுவர் நெடுகச் சிவப்பிலும் நீலத்திலும் கொடியும் பூவும், நூல் பிடிக்காமல் கையாலேயே வரைந்தவை, ஒரு கொடி கோணிக்கொண்டு போயிற்று. அந்தக் கோணல் அவருக்குப் பிடித்தது. அதை வரைந்தவன் அன்றைக்கு எதையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், ஓடிப்போவதை நினைத்தானோ, ஓடிப்போனவளை நினைத்தானோ. கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை ராத்திரியில் ஒரே அறையில் போட்டுப் பூட்டுவார்கள் என்று ப்ளேவியன் சுவரில் இருந்த விளக்கப் பலகையைப் படித்துக் கிசுகிசுத்தான். அவருக்குப் பிள்ளையின்மேல் கண் போனது. தண்ணீர் ஊற்றியாச்சுன்னா வெளியே போக முடியாது. பயித்தியக்கார யோசனை, இப்போது எந்தப் பட்டாளத்துக்காரன் வருவான்? ஆனால் பட்டாளத்துக்காரன் வராமலே ஒரு ஆளைப் பிடித்துவைக்க முடியும். அவரைப் பார்த்தால் தெரியாதா? கோயிலை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, காலையில் கோயிலை நினைத்து எழுந்து, கோயிலைத் திட்டிக்கொண்டே படுத்த ஆள். ஓடிப்போனவன் எங்கே ஓடினான், மதிலைச் சுற்றித்தானே ஓடினான். அதற்குள் சாமியார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பிலிப்பைன்ஸ்காரர், சின்ன வயசு, உருண்டை முகம். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இவர் ஊருக்கும் அதே ஸ்பெயின்காரன்தான் போயிருக்கிறான், பார், இப்போது இவர் கையில் தண்ணீர்க் கெண்டி. இந்த ஆளைப் பார்த்தா நோ சொல்வது? நல்ல பையனாக இருக்கிறானே. கஸ்பாருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கடுவன் மூஞ்சிச் சாமியாரை எதிர்பார்த்துத்தான் அவர் நோவைத் தீட்டி வைத்திருந்தார். பரவாயில்லை, சட்டையைப் பார்த்துச் சொல்வோம், முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"வாட் நேம் டு யூ கிவ் யுவர் சைல்ட்?" என்று சாமியார் கேட்டார். ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.   "மெற்றில்டா" என்றாள். அந்த உயரமான கூரை அதை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கொடுத்தது. கஸ்பாருக்கு மயிர்க்கால் குத்திட்டது. கோயிலுக்குள் அந்தப் பேர். ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவளுடைய முழங்கை அவர் முழங்கையில் இடித்தது, வேண்டுமென்றே இடித்ததுபோலவும் இருந்தது, நிற்க முடியாமல் சாய்ந்ததுபோலவும் இருந்தது. பிள்ளையை அவர் கையில் மாற்றிக் கொடுத்தாள். சூடு, பால் வாசம். சரி, இனி நம்முடைய வேலை. சாமியார் பார்த்துக் கேட்பார். கஸ்பார் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஞானத்தகப்பன் முன்னால் வந்து நிற்பான், சாமியார் அவனிடம் மட்டும் கேட்பார், அவன் மட்டும் பதில் சொல்வான், மற்றவர்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில், மேசையில் காசு வைப்பதுபோல. அந்த மூச்சுவிடாத அமைதிக்குள்தான் நோவைப் போட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். "டு யூ ரினவுன்ஸ் சேட்டன்?" அவர் வாயெடுப்பதற்குள் ப்ளேவியன், ஜெசிந்தா, ஞானத்தாய், பின்னால் நின்ற சிநேகிதக் கூட்டம் எல்லாரும் ஒரே குரலில் ஐ டூ என்றார்கள். அவருக்குத் திக்கென்றது. இதென்ன, எல்லாரும் சேர்ந்தா? சந்தைக்கடை மாதிரியா? அப்படியானால் அவருடைய நோ அந்த இரைச்சலில் மூழ்கிப்போய்விடுமே, இருபத்தாறு வருசத்து நோ! அடுத்த கேள்வி. ஐ டூ. அதற்கடுத்தது. சாமியார் வேகமாகப் போனார், அடுத்த பூசைக்கு நேரமாகிறதோ என்னவோ. சர்வேசுரனை விசுவசிக்கிறீர்களா, ஐ டூ, அதற்கு அவரும் சொன்னார், சர்வேசுரனோடு அவருக்கு ஒரு வழக்குமில்லை. சேசுவை, ஐ டூ, அதற்கும் சொன்னார், அவரையும் ஊர் வாசலுக்கு வெளியேதான் சிலுவையில் போட்டார்கள். இனி அது வரும். அது தனியாக வரும். பிள்ளையின் தலை உள்ளங்கையில் துடித்தது, உச்சிக்குழியா, அவருடைய நாடியா, தெரியவில்லை.

அது தனியாக வரவில்லை. ஒரே கோவையில் குத்திய மீன்போல எல்லாம் சேர்ந்து வந்தது. பரிசுத்த ஆவி என்று தொடங்கினார் சாமியார், பரிசுத்த கத்தோலிக்கத் திருச்சபை என்றார், நிறுத்தவேயில்லை, அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களுடைய ஐக்கியம் என்று போக ஆரம்பித்தார், இதற்குப் பின்னால் என்னென்ன வரும் என்று கஸ்பாருக்கு அந்தக் கணத்தில் மின்னல்போல ஞாபகம் வந்தது, இங்கிலீஷாக இருந்தால் என்ன, சின்னப்பிள்ளையில் பிரம்படி வாங்கிப் படித்த மந்திரம் அல்லவா, பாவப் பொறுத்தல் வரும், சரீர உத்தானம் வரும், செத்தவர்கள் உடம்போடு எழுந்து வருவார்கள் என்பது வரும், மெற்றில்டா ஆணி அடித்த பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து வருவாள் என்பது வரும், அந்தச் சிப்பிகளுக்குக் கீழே கிடக்கிறவர்கள் கார்களைத் தள்ளிக்கொண்டு எழுந்து வருவார்கள் என்பது வரும், இத்தனைக்கும் சேர்த்து ஒரே கேள்வி, ஒரே பதில், கடைசியில் நோ சொன்னால் அவளும் போய்விடுவாள், ஐ டூ சொன்னால் அந்தக் கதவைச் சாத்தினவனுக்கும் ஐ டூ, என்ன வேலை செய்துவைத்திருக்கிறான்கள், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டி வைத்திருக்கிறான்கள், யோசிக்க நேரமில்லை, தண்ணீருக்கடியில் மூச்சு முடிகிற இடம் இது, எடுக்கிறதை எடுத்துக்கொண்டு உதைத்து மேலே வர வேண்டிய இடம், சாமியார் அடுத்த சொல்லுக்கு மூச்சு வாங்கினார், அந்த இடுக்கில், அந்த ஒரு மயிரிழை இடுக்கில் கஸ்பார் "நோ" என்றார். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அதே நேரத்தில் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். சாமியாரின் கண் ஒரு தடவை ஏறி இறங்கியது. ஜெசிந்தாவின் முகம் திரும்பியது. வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே பதினாறு வயசு முகம், வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா என்ற அதே கண். சாமியாரின் வாய் நின்றது. நின்றதா, இல்லை, எச்சில் விழுங்கினாரா? பிறகு அந்த வாய் தொடர்ந்து போயிற்று, பாவப் பொறுத்தலை, சரீர உத்தானத்தை, நித்திய சீவியத்தை. "ஐ டூ!" என்றார் கஸ்பார், எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விடச் சத்தமாக. ப்ளேவியன் திடுக்கிட்டுப்போனான்.

தண்ணீர் விழுந்தது. மூன்று தரம். பிள்ளை முதல் தரத்துக்கே வீறிட்டது, காலால் அவர் நெஞ்சில் எத்தியது, அவருக்குப் பெருமையாக இருந்தது, எத்து, நல்லா எத்து, எவன் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இப்படித்தான் எத்த வேண்டும். மெற்றில்டா, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றார் சாமியார். சொல்லிவிட்டார். எவன் நினைத்தாலும் இனி அந்தப் பேரை வெளியே தள்ள முடியாது. ஜெசிந்தா வாயைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். கஸ்பாரின் கை நனைந்து, சட்டைக் கை நனைந்து, தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. துடைக்க ஒன்றுமில்லை. அப்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு நீண்டது. நீட்டிய கை நகக்கண்ணில் தோட்டத்து மண். கத்தலீனாதான். ஞானஸ்நானத்துக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலையாம். அவள் குனிந்து பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "கேட்டுச்சு," என்றாள். அவர் துண்டை வாங்கினார். "எங்க வீட்டுலயும் அந்த இடம் வந்தா வாயத் திறந்து சரின்னு சொல்ல மாட்டோம். எங்க அம்மாவும் அவ அம்மாவும் சொன்னதில்ல. அந்த இடத்துல இருமுவோம். ஞாயித்துக்கிழம பூசையில எங்க சனம் மொத்தமும் இருமும். சாமியாரு என்னமோ குளிருன்னு நினைச்சுச் சன்னல அடைக்கச் சொல்லுவாரு." அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, கோயில் முகம். "நீ புதுசு, அதான் சொல்லாவே சொல்லிட்ட. அடுத்த தடவ இருமு. இப்பத் தலையத் துடை, பிள்ளைக்கி சளி பிடிக்கும்." கஸ்பாருக்குள்ளிருந்து ஒன்று பீறிட்டுக் கிளம்பியது. உதட்டைக் கடித்தார், மூக்கு வழியாக வந்தது, தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க அவர் சிரித்த சிரிப்பில் கூரைக்கடியில் இருந்த புறா ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. "என்னப்பா?" என்றாள் ஜெசிந்தா, பதறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னப்பா ஆச்சு?" "ஒண்ணுமில்ல மக்கா," என்றார் அவர். "உங்க அம்மைக்கித் தலை ஈரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, துண்டின் உலர்ந்த பக்கத்தைத் தேடித் திருப்பி, அந்தச் சின்னத் தலையை மெள்ள மெள்ளத் துடைக்க ஆரம்பித்தார்.